உளுந்து மாவு ஒட்டிய உருளை

— அப்பளம் போடுற சாமான்னா சமையல் சாமான்தாம்மா. அதுக்கு வரி உண்டு. கஸ்டம்ஸ் பட்டியல்ல அப்படித்தான் இருக்கு. ரூல்னா ரூல்.

— கஸ்டம்ஸ் கிராணி ஐயா, அது அப்பளம் போடுறது இல்ல. ரப்பர் ஷீட்டு அழுத்துற மெஷினோட உருளை. பழசு விரிசல் விட்டுப்போச்சு. அதான் சிங்கப்பூர்லேருந்து ரெண்டு வரவழைச்சது.

— ரப்பர் மெஷின்னா, இந்தப் பள்ளத்துக்குள்ள எல்லாம் உளுந்து மாவு எப்படிம்மா வந்துச்சு? மேல சந்தனம், குங்குமம் வேற.

— எல்லாம் என் தம்பி ஜெயபாலன் செஞ்ச வேலை. அங்க வாங்கி அனுப்புனவன் அவன்தான். புது உருளையை வெறுமனே சுத்தக்கூடாதுன்னு பொட்டு வச்சு, கடைக்காரர் மெஷின்ல மாட்டியிருக்கான். டவுன்ல ரப்பர் பாலுக்கு எங்க போவான்? பொஞ்சாதி அப்பளத்துக்குப் பிசைஞ்சு வச்ச மாவைத் தூக்கிட்டுப் போயி உள்ள விட்டுட்டான்.

— அலமாக்! இப்படியும் ஒரு ஆளா?

— நல்ல மனசுதான் ஐயா அவனுக்கு. மண்டைதான் கொஞ்சம் மட்டு.

— இருக்கட்டும். ரப்பர் மெஷின் பார்ட்டுக்கு வரி கிடையாது, அதனால ஆளுக்கொரு கதையோட வர்றாங்க. போன மாசம் ஒருத்தர் இடியாப்ப உரலைக் கொண்டாந்து மெஷின் பார்ட்டுன்னார். வரி கட்டுங்க. இல்லன்னா பெட்டி சாயங்காலமே பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கே திரும்பிப் போயிடும். உங்க முதலாளியக் கேட்டுட்டு வாங்க.

— கேட்டாச்சு. கட்ட வழியில்ல. கம்மலை வித்துத்தான் உருளையே வந்துச்சு. ரெண்டு மாசமா போத்தலை உருட்டி ஷீட்டு போடுறோம். தடியா வருது, காய மாட்டேங்குது, பூசணம் புடிக்குது. ஷீட்டு வாங்குற சீன வியாபாரி, அந்தத் தவுக்கே, குப்பைன்னு ஒதுக்குறான். இதுவும் திரும்பிப் போச்சுன்னா தோட்டமே கை விட்டுப் போயிடும்லா.

— கேக்க கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நான் கண்ணால பார்த்தது மாவுதானே?

— அப்ப இதையும் கண்ணால பாருங்க. இந்த வாளியில.

— என்னம்மா நாத்தம் இது?

— உறைஞ்ச ரப்பர் பால். தம்போய்த் தோட்டத்துலேருந்து தூக்கியாந்தேன். மேசையில பேப்பரை விரிங்க. இந்தப் பக்கம் நான் புடிக்கிறேன், அந்தப் பக்கம் நீங்க. நல்லா அழுத்தி உருட்டணும்.

— நானா?

— சந்தேகம் உங்களுக்குத்தானே ஐயா.

— ம்... கனமாத்தான் இருக்கு. தள்ளுங்க. இன்னும் கொஞ்சம்.

— போதும். எடுத்துப் பாருங்க.

— அட, கோடு கோடா விழுந்திருக்கே.

— அந்தக் கோடு இருந்தாத்தான் காத்து பட்டு சீக்கிரம் காயும். அப்பளத்துல அதே கோடு விழுந்தா எண்ணெயில போட்டதுமே துண்டு துண்டாப் போயிடும். தம்பி பொஞ்சாதியக் கேளுங்க, ஒரு வாரமா அவனோட பேச்சு வார்த்தை இல்ல.

— சரிம்மா. மொதல்ல எது உள்ள போச்சுங்கிறது முக்கியமில்ல, எதுக்காகச் செஞ்ச சாமான்ங்கிறதுதான் முக்கியம். ரப்பர் மெஷின் பார்ட்டுன்னு எழுதிட்டேன். மேல இருக்கிற துரைகிட்ட நானே சொல்லிக்கிறேன். வரி இல்ல.

— நீங்க நல்லா இருக்கணும் ஐயா.

— ஒண்ணு பாக்கி. தோட்டத்துச் சொந்தக்காரர் கையெழுத்துப் போடணும், ரூல்னா ரூல். பெட்டியை ஏத்திட்டுப் போற தம்போய் லாரி கிளம்புறதுக்குள்ள போய் உங்க முதலாளியக் கூட்டியாங்க.

— பேனாவை இப்படிக் குடுங்க. வெள்ளையம்மான்னு எழுத நாலு மாசமாப் பழகியிருக்கேன். தோட்டப் பத்திரத்துலயும் அந்தப் பேர்தான் இருக்கு.