மறுப்புச் சொல்லாத வெள்ளிக்கிழமை

வாவிக்கரைத் திறந்த பாட வட்டத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற திருமதி மங்கையற்கரசி யோகராசா அவர்களுக்கு, வட்டத்தின் தொண்டர்கள் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

வாவி சூழ்ந்த வளநாட்டின் வாஞ்சைக்குரிய மகளே! பெரியகல்லாறு பெற்றெடுத்த பேரறிவே! விலைவைக்காத வித்தையின் விளக்கே! வகுப்பறையில் விஞ்ஞானத்தையும் வட்டத்துக்குள் வழுவாத நியாயத்தையும் விளங்கவைத்த வித்தகியே! கூட்டத்துக்குப் பிந்தி வருகிறவரைக் கண்ணாலேயே கதவடியில் நிறுத்திவைக்கும் கண்டிப்பின் கண்மணியே! வணக்கமும் ஸலாமும் ஒன்றாய்க் கலந்த எங்கள் அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள்!

பேரறிவே என்றதும் உங்கள் நெற்றி சுருங்கியிருக்கும். முகத்துக்கு நேரே யாராவது புகழத் தொடங்கினால் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுகிற ஆள் நீங்கள். போன ஆசிரியர் தின விழாவில் பொன்னாடையைக் கண்டதும் பின்கதவால் போய் பஸ் ஏறியதை மறந்துவிடுவோமா? ஆகவே இம்முறை ஒரு தந்திரம் செய்திருக்கிறோம். இனி வருவது யாரோ ஒரு டீச்சரின் கதை. உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டு, தயவுசெய்து கதிரையில் இருங்கள்.

அந்த டீச்சருக்கு முதல் நியமனம் வாகரையில். பட்டணத்து வகுப்புக்குப் போக பஸ்ஸும் வசதியும் இல்லாத பிள்ளைகள், எங்கிருந்தோ வந்த பாடக்குறிப்பின் மங்கிய போட்டோப் பிரதி ஒன்றைச் சுற்றி உட்கார்ந்து, எழுத்துத் தெரியாத இடங்களை ஊகித்துப் படிப்பதைக் கண்டார். அந்தக் காட்சி அவருடைய நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடந்தது. பல வருடம் கழித்து, ஏறாவூரில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் றமீஸின் படியேறி, "தம்பி, பாடம் எழுதித் தாறன். ஆரும் எடுக்கக்கூடிய மாதிரி இன்டர்நெட்டில போட ஏலுமா?" என்று கேட்டார். றமீஸ் ஓம் என்றார். அந்த ஒற்றை 'ஓம்' தன்னுடைய கடையையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து விழுங்கப்போகிறது என்று பாவம், அவருக்கு அன்று தெரியாது.

அப்படிப் பிறந்ததுதான் இந்த வட்டம். இங்கே ஆக்கும் பாடத்தை யாரும் எடுக்கலாம், பிரதி பண்ணலாம், தன் ஊருக்கு ஏற்றபடி மாற்றலாம். ஆக்கியவர் பெயரை மட்டும் மறைக்கக்கூடாது, பூட்டிவைத்து விற்கக்கூடாது. வாகரையிலிருந்து தனுஷியா வந்தார்; கணிதத்தையும் கண்ணீரையும் ஒரே வேகத்தில் வடிக்கக்கூடிய ஆசிரியை. காத்தான்குடியிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் கல்லடியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சம்பளம் இல்லை, சான்றிதழ் இல்லை, சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் பணிசும் பிளேன்டீயும்தான். ஆனால் எழுதிய ஒவ்வொரு பாடத்தையும் டீச்சர் கையில் எடுத்து ஒரே கேள்வி கேட்பார்: "இது வாகரைப் பிள்ளைக்கு விளங்குமா?" அந்தக் கேள்விக்குப் பயந்து பட்டதாரிகள் பந்தி பந்தியாய் அழித்து எழுதினார்கள்.

புகழ் பாட வந்த இடத்தில் குறையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அந்த டீச்சரே நம்பமாட்டார். தொடக்க காலத்தில் அவர் எல்லாவற்றையும் தானே செய்வார். இணையத்தளத்தைத் திறப்பதும் அவர், பாடம் ஏற்றுவதும் அவர், கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆளும் அவர். கேட்டால், "உங்களுக்கு என்னத்துக்கு அந்தத் தலையிடி?" என்பார். அன்புதான்; ஆனால் அந்த அன்பு எங்களைச் சோம்பேறிகள் ஆக்கிக்கொண்டிருந்தது.

பிறகு அந்தக் கார்த்திகை வெள்ளம் வந்தது. உயர்தரப் பரீட்சை நெருங்கிய கிழமையில் தளம் படுத்துவிட்டது. பெரியகல்லாற்றில் மின்சாரம் இல்லை, டீச்சரின் போன் செத்துக் கிடந்தது. தனுஷியா வாகரையிலிருந்து றமீஸுக்குப் போன் எடுத்து, "பிள்ளையள் வந்து வந்து கேக்குதுகள் நானா, என்ன சொல்ல?" என்று அழுதார். றமீஸ் மோட்டார் சைக்கிளை எடுத்தார். ரோட்டை மூடிய தண்ணீரில் பாதித் தூரம் தள்ளிக்கொண்டும், மீதித் தூரம் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டும் வந்து, தொப்பல் தொப்பலாய் டீச்சரின் வாசலில் நின்றார். டீச்சர் கடவுச்சொல்லைச் சொன்னார். றமீஸ் அதை வாங்கிக்கொண்டு உடனே திரும்பவில்லை. தலையைத் துவட்டியபடி, மெதுவாகத்தான், இப்படிச் சொன்னார்: "டீச்சர், திறந்த பாடம் எண்டு ஊரெல்லாம் சொல்லுறம். பூட்டு உங்கட தலைக்குள்ளதான் கிடக்கு."

அன்று டீச்சருக்குக் கோபம் வந்ததா? வந்தது. றமீஸுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தபோது கோப்பையைக் கொஞ்சம் பலமாகத்தான் வைத்தார். ஆனால் வெள்ளம் வடிவதற்குள் கோபமும் வடிந்தது. தான் கட்டியது தன்னோடு சேர்ந்து விழுந்துவிடுமோ என்ற பயம்தான் மிச்சமாய் நின்றது. அன்றிலிருந்து அவர் தனக்காக வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: தான் இல்லாமலும் இந்த வட்டம் ஓடவேண்டும், அதைத் தன் கண்ணாலே பார்க்கவேண்டும்.

உன்னிச்சையில் அவருடைய கணவர் யோகராசா அண்ணனுக்கு வயல் உண்டு. போகம் தொடங்குமுன் விவசாயிகள் கூடிக் குளத்துத் தண்ணீர் திறக்கும் திகதியைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு டீச்சரும் ஒருமுறை அவரோடு போயிருந்தார். திகதியைச் சொல்வார்கள், ஆட்சேபனை இருந்தால் காரணத்தோடு இப்போதே சொல்லுங்கள் என்பார்கள், ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அதுதான் முடிவு. பிறகு வரம்பில் நின்று முணுமுணுக்க ஏலாது. டீச்சர் அந்த வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வட்டத்தில் நட்டார். எந்தத் தீர்மானமானாலும் வட்ஸ்அப் குழுவில் புதன்கிழமை போடவேண்டும். மறுப்பிருந்தால் வெள்ளி மாலைக்குள் காரணத்தோடு எழுதவேண்டும். எழுதாவிட்டால் சம்மதம். தளத்தின் சாவிகள், அதாவது கடவுச்சொற்கள், மூன்று பேரிடம் இருக்கவேண்டும். தலைமையில் எவரும் இரண்டு தவணைக்கு மேல் இருக்கக்கூடாது.

கடைசி விதியை நாங்கள்தான் கெடுத்தோம். இரண்டு தவணை முடிந்தது. அடுத்த தலைவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று டீச்சர் கேட்டார். ஒருவர் சப்பாத்தைப் பார்த்தார், ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், றமீஸ் மலசலகூடம் போனார். "அடுத்த கூட்டம் வரைக்கும் தற்காலிகமா இருங்க டீச்சர்" என்றோம். அந்தத் தற்காலிகம் நீண்டுகொண்டே போனது. தான் எழுதிய விதியைத் தானே மீறிக்கொண்டு நாற்காலியில் இருப்பது அந்த நேர்மைக்காரிக்கு எப்படிச் சுட்டிருக்கும் என்று நாங்கள் யோசிக்கவேயில்லை.

கடைசியில் ஒரு புதன்கிழமை குழுவில் ஒரு தகவல் விழுந்தது. "நான் தலைமையிலிருந்து விலகுகிறேன். றமீஸ் பொறுப்பெடுக்கவேண்டும். மறுப்பிருந்தால் வெள்ளி மாலைக்குள் காரணத்தோடு எழுதவும். மங்கையற்கரசி."

ஐயோ, எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது! எல்லோரும் வாசித்தோம், ஒருவரும் பதில் போடவில்லை. பதில் போடாமல் விட்டால் அது அப்படியே கிடந்து மறைந்துபோகும் என்று ஆளாளுக்கு நினைத்தோம். தனுஷியா 'வேண்டாம் டீச்சர்' என்று எழுதி, காரணம் எழுதத் தெரியாமல் அழித்து, அடுப்படியில் நின்று அழுதார். றமீஸ் போனை நிறுத்தி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். மற்றவர்கள், எப்படியும் றமீஸ் மறுப்பார் என்று நம்பிக்கொண்டு கொத்துரொட்டி சாப்பிடப் போனார்கள். பேச்சில்லாமல் இருப்பதே சம்மதம் என்று எத்தனையோ தீர்மானங்களை நிறைவேற்றிய கூட்டம், பேச்சில்லாமல் இருந்தே ஒரு தீர்மானத்தைத் தடுக்கப் பார்த்தது. இந்த மடத்தனத்தை எங்களைத் தவிர வேறு யாரால் செய்ய முடியும்?

சனிக்கிழமை விடிந்ததும் டீச்சர் எழுதினார்: "மறுப்பு ஒன்றும் வரவில்லை. தீர்மானம் நிறைவேறியது. எல்லோருக்கும் நன்றி."

பிறகுதான் குழு எரிந்தது. குரல்பதிவுக்கு மேல் குரல்பதிவு. றமீஸ் நேரே அழைத்தே கேட்டுவிட்டார்: "டீச்சர், நான் போனை நிப்பாட்டி வச்சிருந்தன். அது எப்பிடிச் சம்மதமாகும்?" மறுபக்கத்திலிருந்து சாந்தமான பதில் வந்தது: "தண்ணி திறக்கிற கூட்டத்துக்கு வராத ஆளுக்கும் அதே திகதிலதான் தண்ணி வரும், தம்பி."

வாதத்தில் அவர் வென்றுவிட்டார். ஆனால் அடுத்த கிழமை தனுஷியா பெரியகல்லாற்றுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அந்த டீச்சரின் வாயிலிருந்து வேறொன்று வந்தது. "விலகத்தான் வேணும் புள்ள, அதில மாற்றமில்ல. எண்டாலும் வெள்ளிக்கிழமை முழுக்கப் போனைக் கையில வச்சுக்கொண்டுதான் இருந்தன். ஒருத்தராவது வேணாம் எண்டு சொல்லுவீங்க எண்டு பார்த்தன்." சொல்லிவிட்டு அவர் முற்றத்துக் கோழியைத் துரத்தப் போய்விட்டாராம். முற்றத்தில் கோழியே இருக்கவில்லை என்று தனுஷியா சொன்னார்.

வேறொரு டீச்சரின் கதையென்று தொடங்கியதை இந்த இடத்தில் எங்களால் கொண்டுபோக முடியவில்லை. நேராகவே சொல்லுகிறோம். டீச்சர், அது சம்மதம் இல்லை. உங்களைப் போக விடுகிற மனம் எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை. துக்கத்தில் வாயடைத்துப் போனோம். உங்கள் விதியில் துக்கத்துக்கு இடமில்லை, காரணத்துக்குத்தான் இடமிருக்கிறது; எங்களிடம் இருந்ததோ துக்கம் மட்டும்தான். அன்று எழுதாமல் விட்ட 'வேண்டாம் டீச்சர்' என்பதை இன்று, காலம் கடந்து, அத்தனை பேரும் சேர்ந்து இந்தச் சபையில் சொல்லுகிறோம். உங்கள் மனம் நொந்ததற்கு எங்களை மன்னியுங்கள்.

நீங்கள் பார்க்க ஆசைப்பட்டதையும் சொல்லாமல் விடமுடியாது. தலைமையை விட்ட கையோடு, சாதாரண தொண்டராக, 'வாவி நீர் ஏன் உவர்க்கிறது' என்றொரு பாடம் எழுதி அனுப்பினீர்கள். அதைத் திருத்தும் முறை தனுஷியாவுக்கு. மூன்றாம் பந்தியில், மூச்சுவிட இடமில்லாத ஒரு நீண்ட வசனம். தனுஷியா றமீஸைக் கேட்டார். றமீஸ் நகத்தைக் கடித்தார். தலைவர் என்ற பெயர் வந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு பயந்ததில்லை. கடைசியில் இருவரும் சேர்ந்து எழுதி அனுப்பினார்கள்: "இது வாகரைப் பிள்ளைக்கு விளங்காது, டீச்சர்." அன்று முழுக்க றமீஸ் ஒரு கம்பியூட்டரையும் திருத்தவில்லை. பின்னேரம் உங்கள் பதில் வந்தது: "ஓம், பிழைதான். திருத்தி அனுப்புறன்." அதன் கீழே, எங்கள் குழுவின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக, ஒரு சிரித்த முகம்! நீங்கள் இல்லாமல் மட்டுமல்ல, உங்களையே திருத்திக்கொண்டும் இந்த வட்டம் ஓடுகிறது. இதற்கு மேல் ஒரு தலைமைக்கு என்ன புகழ் வேண்டும்!

தளராத தலைவியே! திறப்புச் சாவியைக் கொடுத்துவிட்டுத் திண்ணமாய் நடந்த திருமகளே! முழங்கால் வலி விலகி, கண்ணொளி குன்றாமல், யோகராசா அண்ணனோடு உன்னிச்சை வரம்பில் உலாவி, போகத்துக்குப் போகம் புதுநெல்லைப் போல் ஒரு பாடமும் புதிதாய்த் தந்து, எங்கள் பிழைகளைக் காட்டி, எங்களிடம் உங்கள் பிழைகளைக் கேட்டு, நெடுங்காலம் நிறைவாக வாழ்க என்று, அவரவர் தொழும் இறைவனிடம் அவரவர் மொழியில் வேண்டுகிறோம்.

இனி ஒரு விதிமீறலை ஒப்புக்கொள்கிறோம். இந்தக் கடைசிப் பந்திகள் மட்டும் குழுவில் போடப்படவில்லை. மற்றதெல்லாம், 'பேரறிவே' தொடங்கி 'வாழ்க' வரைக்கும், போன புதன்கிழமை குழுவில் போட்டோம். இதைச் சபையில் வாசித்துப் பாராட்டுவோம், மறுப்பிருந்தால் வெள்ளி மாலைக்குள் காரணத்தோடு எழுதவும் என்று கீழே குறிப்பிட்டோம். நீங்களும் குழுவில் இருக்கிறீர்கள். வாசித்ததற்கான நீலக் குறியும் விழுந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் உங்கள் பெயருக்குக் கீழே 'எழுதுகிறார்' என்று காட்டியது. நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்திருந்தோம். காட்டியது, நின்றது, திரும்பவும் காட்டியது. பிறகு அதுவும் மறைந்து, மாலையும் போய், பள்ளிவாசலில் பாங்கும் சொல்லிக் கோயிலில் மணியும் அடித்து முடிந்தது. உங்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

மறுப்பு ஒன்றும் வரவில்லை, டீச்சர். தீர்மானம் நிறைவேறியது. பொன்னாடை போர்த்த வருகிறோம். பின்கதவைப் பூட்டி, சாவிகளை மூன்று பேரிடம் கொடுத்திருக்கிறோம்.

என்றும் உங்கள் திருத்தத்துக்குக் காத்திருக்கும்,
வாவிக்கரைத் திறந்த பாட வட்டத்தின் தொண்டர்கள்,
மட்டக்களப்பு.