என் டூட்டியில் விழுந்த பல்

விழாவின் தலைமையை அன்போடும், என் பேச்சின் நீளத்தை அச்சத்தோடும் ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, மேடையை அணிசெய்யும் ஆன்றோர்களே, அடுப்படி வேலை முடித்து, அரக்கப் பரக்கக் கிளம்பியும் அரை மணி முன்னதாகவே வந்துவிட்ட தாய்மார்களே, அவர்கள் இழுத்து வந்ததால் மட்டுமே வந்திருக்கும் தந்தையர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பிள்ளைகளோடு நேரம் செலவிடுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். இதைப் பேச என்னைவிடத் தகுதி குறைந்தவர் இந்த மண்டபத்தில் இல்லை. அதோ, மூன்றாம் வரிசையில் வேகமாகத் தலையாட்டுகிறாரே, அவர்தான் என் மனைவி.

நான் ஒரு மருத்துவமனையில் செவிலியர்களுக்கு டூட்டி போடுகிறவன். யாருக்குக் காலை, யாருக்கு மாலை, யாருக்கு விடுப்பு என்று கட்டம் போட்டே பழகிய கை, வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? ஏழு வயது மகளுக்கும் ஒரு பட்டியல் போட்டேன். செவ்வாய், வியாழன், மாலை ஆறு முதல் ஆறரை வரை: அப்பா. வண்ணம் தீட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வரவில்லையென்றால் மாற்று ஆளை அனுப்பிக் கட்டத்தில் டிக் அடித்துவிடுவோம். எனக்கு வேலை மிகுந்தது. என்ன செய்தேன்? என் மைத்துனரை அனுப்பினேன். ஒரு வாரமா, இரண்டு வாரமா? ஐந்து வாரம். பத்து டிக். அங்கே சிரிக்கிற ஐயா, நீங்கள் மாமனாரை அனுப்புகிறவர் போலிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும்போது மகள் கொட்டாவி விட்டாள். கீழே ஒரு பல்லைக் காணோம்.

"பல்லு எங்கம்மா?"

"விழுந்துடுச்சுப்பா."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை. உங்க டூட்டியிலதான்."

அவையோரே, மூன்று நாள் அந்தப் பிள்ளை என் எதிரே உண்டது, என் எதிரே சிரித்தது, என் எதிரே ஓயாமல் பேசியது. நான் பார்க்கவில்லை.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"மாமாதான் பாத்துட்டாங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன். "பக்கத்துப் பல்லும் ஆடுது" என்றாள். காட்டச் சொன்னேன். ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்கு வெள்ளிப்பா."

கிழித்தேன் அந்தப் பட்டியலை. அன்று மாலை ஐந்தரைக்கே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அவள் பாட்டுக்குப் படம் வரைந்தாள். சனிக்கிழமை பென்சில் சீவிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அம்மாவிடம் விசாரித்தாள். திங்கள் மாலை, தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, என் விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்தாள். "ஆட்டிப் பாருங்க. மெதுவா."

எது நல்ல நேரம்? அந்த ஒரு நொடி மட்டுமா? வெட்டியாய்ப் போன அந்த மூன்று மாலைகள் இல்லாமல் அந்த நொடி எனக்கு வாய்த்திருக்குமா? பிள்ளை எப்போது வாய் திறக்கும் என்று எந்தப் பட்டியல் சொல்லும்? எந்தக் கடிகாரம் சொல்லும்? ஆகவே இருங்கள். பேசாமல் இருங்கள், பென்சில் சீவிக்கொண்டு இருங்கள், ஆனால் நீங்களே இருங்கள்.

இது நடந்து இரண்டே நாள்தான் ஆகிறது. பல் இன்னும் விழவில்லை. இன்று காலை நன்றாகவே ஆடியது. நானும் மனைவியும் இங்கே இருக்கும்போது மகளோடு வீட்டில் யார் என்று கேட்கிறீர்களா? அதே மைத்துனர்தான். எனவே பெரியோர்களே, பேச வேண்டியது இன்னும் பாதி இருக்க, வாய்ப்பளித்தவர்களுக்கு நன்றி சொல்லி, வணக்கத்தை வாசலில் இருந்தே வைத்துக்கொண்டு, நான் வீட்டுக்கு ஓடுகிறேன்.