பிளாஸ்திரியின் நேர் ஓரம்

பிளாஸ்திரி ஒட்டுவதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும், மேடம். முடியை இழுக்கக் கூடாது, சுருக்கம் விழக் கூடாது. என் தம்பிக்கு ஒட்டும்போது ஒரு சுருக்கம்கூட விழுந்ததில்லை. வேண்டுமானால் அவனையே கேளுங்கள்.

அம்மா போனபின் அவனை வளர்த்தது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் இவனை யார் பார்ப்பது என்று தட்டிக் கழித்தேன். சின்ன வயதிலேயே அவனுக்குச் சர்க்கரை; ஊசி போடுவதும் நான்தான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "அக்கா, வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. என்கூட வேலை பார்க்கிற பொண்ணும் அங்கதான் வரா. ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்," என்றான். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

பெட்டி கட்டும்போது கண்ணாடி உடைந்து அவன் கணுக்காலைக் கிழித்துவிட்டது. அதற்கு நான் காரணம் இல்லை, அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் தையல் போட்டுவிட்டு, "பிளாஸ்திரி ஒத்துக்குமா உங்களுக்கு?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். குழந்தையாக இருந்தபோது முழங்காலில் ஒட்டிய பிளாஸ்திரிக்குத் தோல் கொப்புளித்து உரிந்ததும், அதன்பின் அம்மா துணிக்கட்டு மட்டுமே போட்டதும் அவனுக்கு நினைவில்லை. எனக்கு இருந்தது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது டாக்டர்," என்றேன். ஆறும்வரை பயணம் கூடாது என்று சொன்னது அவர்தான்.

ஒட்டினேன். அரித்தது. "பிச்சுப் போட்டுடவா அக்கா, உயிர் போகுது," என்பான். "அரிச்சா ஆறுதுன்னு அர்த்தம்டா, கை வெக்காதே," என்பேன். பிரித்தால் ஒட்டிய இடம் மட்டும் செக்கச்செவேலென்று, அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். சீழ் பிடித்த சிவப்புக்கு அப்படி நேர் ஓரம் வராது. டாக்டர் பார்த்தால் புரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் சற்றுத் திருப்பித் திருப்பி ஒட்டினேன். ஓரம் கலைந்தது. அவர் கிருமி என்று நினைத்து மாத்திரையை மாற்றிக்கொண்டே இருந்தார். பாவம், நல்ல மனிதர்.

அந்தப் பெண் ஒரு முறை வந்தாள். "இன்னும் ஆறலையே, வேற டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றாள். "நீ போய் வேலையில சேரும்மா, இவனை நான் பார்த்துக்கறேன்," என்றேன். போனாள். பிறகு போன் வருவதும் குறைந்தது. எனக்கு நிம்மதிதான், மறைப்பானேன்.

கொப்புளம் உடைந்து, அதில் நிஜமாகவே சீழ் பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. பாதம் கறுத்ததைப் பார்த்தேன். பார்த்த பிறகும் ஒட்டினேன். ஆமாம், தெரிந்துதான் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் அவன் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னீர்கள். கேட்டதும் அழுதேன், நீங்களே பார்த்தீர்கள். இனி அவன் அலைய வேண்டாம். வீட்டுக்கு எப்போது அனுப்புவார்கள் என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள் மேடம். அதற்குள் நான் போய் அறையைக் கூட்டி வைக்க வேண்டும். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?