வீட்டை வித்தவரே வாடகைக்கு வந்தார்

— இரும் வே சாலமோன். முந்தாநேத்து உம்ம வீட்டை எனக்கு வித்துப் பத்திரம் பதிஞ்சீரு. இன்னிக்கு வந்து, நான் காலி பண்ணுத இந்த வீட்டை வாடகைக்குக் கேக்கீரு. இதுல என்னமோ வெவகாரம் இருக்கு.

— ஆண்டவர் சாட்சியா ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. எங்க சாரம்மாளுக்கு முழங்கால் வலி. டவுன்னா ஆசுபத்திரி பக்கம்.

— நல்லாருக்கே! உம்ம பாளையங்கோட்டையில அம்புட்டுப் பெரிய ஐகிரவுண்டு ஆசுபத்திரியை விட்டுட்டு, முழங்காலைத் தூக்கிக்கிட்டு ஆத்தைத் தாண்டி இங்கன வாராகளாக்கும்? வாய்க்கு வந்த வாடகையைச் சொன்னேன், பேரமே பேசாம தலையை ஆட்டுதீரு. கொத்தமல்லிக் கட்டுக்கு அரை மணி நேரம் மல்லுக்கு நிக்குத ஆளுல்லா நீரு!

— எல்லாம் ஆண்டவர் சித்தம் அண்ணாச்சி.

— அவரை ஏன் இதுல இழுக்கீரு? வருசக்கணக்காக் காத்துக் கெடந்து போன மாசந்தான் உமக்கு டெலிபோன் வந்துச்சு. அது நாலு தடவை அடிக்குமுன்ன வீட்டை வித்துட்டு ஓடுதீரே, கிணத்துல பொணம் கிணம் கெடக்கா?

— ஐயோ, அந்தத் தண்ணி தேனுல்லா!

— அப்ப பாம்பு. அறைக்கு ஒரு குடும்பமா ரேஷன் கார்டோட இருக்கும்.

— ஏங்க, வீட்டுக்கு வந்த மனுசரை இப்படியா கேப்பாக? சாலமோன் சாரு, நீங்க காபியைக் குடிங்க.

— நீ சும்மாரு பிரம்மநாயகி. வாடகைக்கு விடுததுன்னா லேசா? உன் தம்பி கணேஷ்ராம் பதினோரு மாசத்துக்குன்னுதான் விட்டான். குடியிருந்தவன் அங்கனயே ரெண்டு மகளைக் கட்டிக்குடுத்தான். பத்திரிகையில ‘எமது இல்லத்தில்’னு போட்டிருந்தான் வே! என் மச்சினன் போயி மொய் எழுதிட்டு வந்தான்.

— அது என் தம்பி கோட்டித்தனம். பூட்டிப் போட்டா கரையான்லா தின்னும்? டெல்லியில இருக்க நம்ம பிள்ளைக வந்து விளக்கேத்தப் போகுதுகளா? விக்கவும் நான் சம்மதிக்க மாட்டேன். பொறுப்பான ஆளாப் பாத்துக் குடுத்திருவோம்.

— பொறுப்பான ஆளு இப்படி முழிக்க மாட்டான் தாயி.

— அண்ணாச்சி, நானும் ஒண்ணு கேக்கேன். இம்புட்டு நல்ல வீட்டை விட்டுட்டு நீங்க எதுக்குப் போறிய?

— காத்துக்கு வே, காத்துக்கு! உம்ம வீட்டு வாசல்ல நின்னா வேட்டியைப் பிடிக்க ரெண்டு ஆளு வேணும்லா.

— பொய் சொல்லாதீங்க. சாரு நாளைக்கு நம்மளை ஏசப்பிடாது. பையச் சொல்லுதேன் சாரு, அந்தப் பக்கம் கேட்டிரும். அடுத்த வீட்டுத் தாணுமாலையன் இருக்காருல்லா...

— ஏட்டி! குடிவாரவர்ட்ட போயி...

— சொல்லத்தான் செய்வேன். பொதுச் சுவத்துல காலண்டர் மாட்ட இவுக ஒரு ஆணி அடிச்சாக. அதுக்குக் கேஸ் போட்டுட்டாரு சாரு.

— சரி, இனி மறைச்சு என்னத்துக்கு. மூணு முன்சீப்பு ரிட்டயராயிப் போயாச்சு வே, ஆணி இன்னும் வாய்தாவுல நிக்கு. எங்க முருங்கை இலை அவன் முத்தத்துல விழுமுன்ன, அவன் வக்கீல் நோட்டீஸ் எங்க முத்தத்துல விழுந்திரும். நான் தும்மல் வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிப்போயி ஆத்தங்கரையிலதான் தும்முதேன். மிச்சக் காலத்தையாவது கோர்ட்டு வாசலை மிதிக்காமக் கழிக்கணும்னுதான் இருந்த துட்டு பூராத்தையும் உம்ம வீட்டுல போட்டேன்.

— தெரியும் அண்ணாச்சி.

— என்னது? தெரிஞ்சுமா வாரீரு? பிரம்மநாயகி, கேட்டியா! தெரிஞ்சே வாராராம்! நான் அப்பவே சொன்னேம்லா?

— தை மாசம் தாணுமாலையன் காலி பண்ணிட்டுப் போறாரு. புதுசா மனை வாங்கி, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியாச்சு.

— போறானா! ஆத்தா காந்திமதி, கண்ணைத் தொறந்துட்டியே! எங்கன வே போறான்?

— வீடு எனக்குத்தான்னு கையடிச்சுக் குடுங்க, சொல்லுதேன்.

— இந்தாரும், ரெண்டு கையாலயும் அடிச்சாச்சு. உம்ம பேரன் கல்யாணத்தையும் இங்கனயே நடத்தும். எந்த ஊரு? காசியா, ராமேஸ்வரமா?

— உங்களுக்கு வித்தம்லா ஒரு வீடு, அதுக்கு மேலப்பக்கத்து மனை. சுவரு பொதுதான் அண்ணாச்சி.