பின்சுவர் ஓட்டைகள்

டீ நன்றாக இருக்கிறது இன்ஸ்பெக்டர் சார். அந்த ஜன்னலை மட்டும் சாத்தச் சொல்லுங்கள். மழைச் சத்தம் கேட்டால் என்னால் உட்கார முடியவில்லை.

குன்னூரில் மலைச்சரிவை வெட்டிக் கட்டிய எங்கள் அடுக்குமாடியில் ஆறு வீடுகள். நான் உரிமையாளர் சங்கச் செயலாளர். வெடிமருந்துத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். மேல்தளம் என்னுடையது. கூரை ஒழுகும். கட்டிலருகே வாளி வைத்துவிட்டு, அது சொட்டுவதைக் கேட்டபடி புரண்டுகொண்டே கிடப்பேன். இடித்துப் புதிதாகக் கட்டினால்தான் விமோசனம்.

முன்பு அதற்கு எல்லோரும் சம்மதிக்க வேண்டும். புதுச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது நான்கு வீட்டார் போதும். மூன்று வீட்டார் சரி என்றோம். இரண்டு பேர் வெளிநாட்டில், பதிலே இல்லை. மிச்சம் கீழ்வீட்டு ராஜகுமாரி. தனியாக இருப்பவர்.

"கட்டி முடிக்கிற வரைக்கும் நான் எங்கீங்க போறது?" என்பார். நியாயமான கேள்விதான். எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது.

கட்டடம் உயிருக்கு ஆபத்து என்று சான்று கிடைத்துவிட்டால், யார் சம்மதமும் தேவையில்லை. அதுவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

அவர் வீட்டுக்குப் பின்னால் மண் சரியாமல் தாங்கும் சுவர். அதிலுள்ள ஓட்டைகள் வழியே மழைத்தண்ணீர் வடியும். வடியாவிட்டால் மண் ஊறிச் சுவரைத் தள்ளும். ஐப்பசி பிறந்ததும் சாக்குத் துணியைச் சிமெண்டில் தோய்த்து அத்தனை ஓட்டைகளையும் அடைத்தேன். சுவர் கொஞ்சம் பிதுங்கினால் போதும். பொறியாளர் பார்த்துச் சான்று கொடுப்பார், எல்லோருக்கும் நல்லது.

அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை வலுக்கும்போதெல்லாம் இறங்கிப் போய்ச் சுவரைத் தடவிப் பார்ப்பேன். ஒருநாள் ராஜகுமாரி பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, செவுரு முன்னால வந்தாப்புல தெரியுதுங்களே?"

"மழையில அப்படித்தாங்க தெரியும். பயப்படாதீங்க" என்றேன். பொறியாளர் திங்கட்கிழமைதான் வருவதாக இருந்தது. அதற்குள் இவர் பயந்து ஆளைக் கூட்டிவந்து ஓட்டைகளைத் திறந்துவிட்டால் என்ன செய்வது?

ஞாயிறு மாலை அவரே படியேறி வந்தார். "எம் பொண்ணு கூடலூருக்கே வந்துருன்னு கூப்புடுறாளுங்க. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறனுங்க."

மனசு லேசாகிவிட்டது. அவர் போனதும் ஓட்டைகளைத் திறக்கக் கடப்பாரையோடு இறங்கினேன். பாதிப் படியில், அடைத்தது யார் என்று கேட்பார்களே என்று பட்டது. அன்று மட்டும் என் வீட்டில் படுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார். கடப்பாரையைப் படியிலேயே சாத்திவிட்டு அவர் கதவைத் தட்டி, "ஈரக்காத்துங்க, ஜன்னலைச் சாத்திட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விடியும்போது சுவர் அவர் படுக்கையறைக்குள் விழுந்தது. முதலில் ஓடியவன் நான்தான். மற்றவர்கள் வருமுன் சாக்குத் துணி ஒட்டியிருந்த கற்களைப் பொறுக்கி அப்புறப்படுத்தினேன். பிறகுதான் மண்ணைத் தோண்டினேன். கற்களைப் பொறுக்கி முடிக்கும்வரை அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அவர் சம்மதித்த விஷயத்தை மட்டும் சங்கத்தில் சொல்லிவிடாதீர்கள் சார். செயலாளர் அவசரப்பட்டுவிட்டார் என்று நினைப்பார்கள்.