ரஷ்மி டீச்சர் காப்பாற்றிய தலைவர்

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் மகள் ஹரிதாவோடு அமர்ந்திருக்கும் அனில்குமார் அவர்களே, சந்தை வணிகப் பெருமக்களே, நாற்காலி கிடைக்காமல் படிக்கட்டிலும் வாசலிலும் நிற்கிற தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தச் சுயம்புராஜின் வணக்கம்.

இந்த வணிகர் சங்கத்துக்கு நான் பதினோரு வருஷமாகத் தலைவர். கூட்டம் என்று அறிவித்தால் முப்பது பேர் வருவார்கள். அதில் பத்துப் பேர் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இன்று புதுக்கடைச் சந்தையே இங்கே வந்து நிற்கிறது. யாருக்காக வந்தீர்கள்? எனக்காகவா? சங்கத்துக்காகவா? இல்லை. சங்கத்தில் உறுப்பினராகக்கூட இல்லாத ஒரு பெண்மணிக்காக வந்திருக்கிறீர்கள்.

திருமதி ரஷ்மி அனில்குமார் சென்ற மாதம் பதினெட்டாம் தேதி நம்மை விட்டுப் போனார். நாற்பத்தொன்பது வயது போகிற வயதா? காய்ச்சல் என்று படுத்தவர் ஆறாம் நாள் கண் திறக்கவில்லை. நமக்கெல்லாம் அவர் ரஷ்மி டீச்சர். பள்ளிக்கூட டீச்சர் அல்ல, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தவர். அதை மூடிய பிறகு சந்தை முக்கில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டார். அந்தக் கடையில் ஜெராக்ஸ் எடுத்ததைவிட மனு எழுதியதுதான் அதிகம்.

சிறுதொழில் செய்கிறவர்களுக்கு அரசாங்கத்தில் என்னென்ன உதவி இருக்கிறது என்று நம்மில் யாருக்குத் தெரிந்திருந்தது? எந்தக் கடனுக்கு மானியம் உண்டு, எந்தப் பயிற்சிக்குப் போனால் சான்றிதழ் தருவார்கள், தின்பண்டம் செய்து விற்க எந்த உரிமம் வேண்டும், நாகர்கோவிலில் எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போகவேண்டும், இதெல்லாம் அந்த அம்மாவுக்கு விரல் நுனியில் இருந்தது. தெரிந்ததைப் பூட்டி வைத்தாரா? வாசலில் போகிறவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். பிரிண்ட் எடுத்த காசுக்குமேல் யாரிடமும் வாங்கியதில்லை. அங்கே நிற்கிறானே ஸ்டெனி, அவன் வீட்டு அடுக்களையில் நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்றவன். இன்றைக்கு நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். அவனுக்கு எழுதிக் கொடுத்தது டீச்சர்.

நம்முடைய சுபாவம் உங்களுக்குத் தெரியும். வியாபாரம் எப்படி என்று யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லமாட்டோம். கண் பட்டுவிடும். கல்லா நிறைந்து கிடந்தாலும் வாயில் வருவது 'ஒண்ணுமில்ல'தான். ஸ்டெனியும் அதைத்தான் செய்தான். நான் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது என் காதால் கேட்டது இது.

"வருஷத்துக்கு எம்புட்டு வியாபாரம் மக்கா?"

"ஒண்ணுமில்ல டீச்சரே. சும்மா அப்படிப் போவுகு."

"ஒண்ணுமில்லேன்னு எழுதினா ஒனக்குத் தொழிலே இல்லேன்னு ஆயிப்போவும். உள்ளதைச் சொல்லு. கண்ணு பட்டா நான் உப்பு சுத்திப் போடுகேன்."

கடையே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே உள்ளதைச் சொன்னான். அப்படித்தான் டீச்சர் நம் ஆட்களின் வாயிலிருந்து உண்மையை வாங்கினார்.

சரி, அவர் புகழை நான் சாயங்காலம் வரை பேசலாம். பேசிவிட்டு, படத்துக்கு மாலை போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அப்படிப் போக எனக்கு யோக்கியதை இல்லை. நான் இந்த மைக்கில் இன்று சொல்லவேண்டியது வேறு ஒன்று.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், கொரோனாவில் அடித்துப்போட்ட மாதிரி என் பெயின்ட் கடை கிடந்த சமயம். ஒரு குடோன் கட்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடன் வேண்டுமென்றால் சிறுதொழில் பதிவு வேண்டும் என்று பேங்கில் சொன்னார்கள். எனக்கோ கௌரவப் பிரச்சினை. சங்கத் தலைவனே அரசாங்கக் கடனுக்குக் கை நீட்டுகிறான் என்று நாலு பேர் பேசுவார்களே! சந்தை சோற்றுக்குப் போகிற நேரம் பார்த்து, பாதி ஷட்டர் இறக்கியிருந்த டீச்சர் கடைக்குள் குனிந்து நுழைந்தேன்.

"டீச்சர், இது வெளிய தெரியாண்டாம்."

"எழுதுகதுதான் எனக்கு வேலை அண்ணே. சொல்லிநடக்குகது இல்ல."

அரை மணி நேரத்தில் பதிவு முடிந்தது. இரண்டு மாதத்தில் கடன் வந்தது. மானியமும் வந்தது. நீங்கள் பார்க்கிற என் குடோன் அந்த அம்மா எழுதிய எழுத்தில் நிற்கிறது. பதிவு செய்ததற்காக ஒரு வரி அதிகாரியும் என் வாசலுக்கு வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை. நன்மையைத் தவிர வேறொன்றும் ஆகவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓணத்துக்கு முந்தி நடந்த நம் பொதுக்குழு நினைவிருக்கிறதா? இதே மண்டபம். வீட்டில் பலகாரம் போடுகிற பெண்களெல்லாம் டீச்சரிடம் ஆதார் நகல் கொடுத்துப் பதிவுக்குக் காத்திருந்தார்கள். சங்கம் எதற்கு, டீச்சர் போதுமே என்று சந்தையில் பேச்சு வந்தது. அந்தப் பேச்சு என் காதுக்கும் வந்தது. வயிறு எரிந்தது. ஆமாம், பொறாமைதான். வேறு பேர் வைத்து அதை அழகாக்க நான் விரும்பவில்லை. பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, "தலைவரே, நம்ம ஊட்டுப் பொம்பளையள் பதிவு பண்ணலாமா?" என்று கேட்டார். நான் மைக்கைப் பிடித்து என்ன சொன்னேன்?

"பேரை எழுதிக் கொடுத்தியன்னா நாளைக்கு வரிக்காரன் வாசல்ல நிப்பான். மாசாமாசம் வருக உரிமைத் தொகை நின்னுபோவும். ரேஷன் கார்டும் போவும். எழுதுகவளுக்குக் கமிஷன் வருகு. ஒங்களுக்கு என்ன வருகு?"

சிரித்தீர்கள். கை தட்டினீர்கள். வாசல் பக்கம் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். 'அண்ணே, நீங்க பதிவு பண்ணினீயளே, ஒங்க வாசல்ல யாரு வந்து நின்னா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். தலைவர் பதவி போயிருக்கும், மானம் போயிருக்கும். இத்தனை பேர் முன்னால் தன்னைக் கமிஷன்காரி என்று சொன்னவனைப் பார்த்து அவர் கேட்கவில்லை. படியிறங்கிப் போனார்.

ஜான்ரோஸ், சட்டையைப் பிடித்து இழுக்காதே. நீ செயலாளர், சங்கத்தின் பெயர் கெட்டுவிடும் என்று உனக்குக் கவலை. கெட்டது அன்றைக்கு. இன்றைக்கு நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரத்துக்குள் முப்பத்தொரு பேர் டீச்சர் கடைக்குப் போய் ஆதார் நகலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி தாணம்மாள். மூன்றாவது வரிசையில் ஓரமாக இருக்கிறாள். அவள் செய்கிற முந்திரிக்கொத்தைத் தின்னாதவர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்களா? நாகர்கோவிலில் ஒரு பெரிய கடைக்காரர் வாரம் இருநூறு பாக்கெட் கேட்டார். பாக்கெட்டில் உரிம நம்பர் போடவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. டீச்சர் எல்லாக் காகிதமும் தயார் செய்து வைத்திருந்தார். என் பேச்சைக் கேட்டுவிட்டு இவள் போய், "வேண்டாம் டீச்சரே, மாசம் வருகதும் போயிரும்" என்று காகிதத்தை வாங்கி வந்தாள். அந்த ஆர்டர் வேறு ஊருக்குப் போயிற்று. தாணம்மாள் இப்போது காலை ஏழு மணிக்கு, முந்திரி ஆலைக் கூலிவேலைக்கு ஏற்றிப்போகிற வண்டிக்காகச் சந்தை முக்கில் நிற்கிறாள். என் கடை ஷட்டரைத் தூக்கும்போது தினமும் பார்க்கிறேன். ஒருநாளாவது அருகில் போய் ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவியைத் தேடுவதுபோல் நின்றிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பொதுக்குழு முடிந்து ஒரு மாதம் கழித்து டீச்சர் என் கடைக்கு வந்தார். சண்டை பிடிக்க வந்தார் என்று நினைத்தேன்.

"அண்ணே, ஒங்க காரியத்தை இதுல இழுக்காண்டாம். 'நான் விசாரிச்சுப் பாத்தேன், பயப்படாண்டாம்'னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க. ஒங்க வாயால சொன்னா நம்புவாவ."

பாருங்கள், என் மானத்துக்கு ஒரு வழியையும் அவரே செய்து கொண்டுவந்தார். நான் என்ன சொன்னேன்? "பாக்கலாம் டீச்சர்" என்றேன். அந்தப் 'பாக்கலாம்' ஒன்றரை வருஷம் ஓடியது. அதற்குள் அந்த அம்மா போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை அனில்குமார் என் கடைக்கு வந்து ஒரு காக்கிக் கவரைக் கொடுத்தார். வாய் ஒட்டியபடியே இருந்தது. மேலே டீச்சர் கையெழுத்தில் என் பெயர்.

"இது ஒங்க ஃபைல் ஆக்கும். வேற யாருக்கும் காட்டாண்டாம்னு ஆஸ்பத்திரியில வச்சுச் சொன்னா. நாங்க பிரிச்சுப் பாக்கல்ல" என்றார்.

உள்ளே என் பதிவு, என் கடன் மனு, நகல்கள் எல்லாம் இருந்தன. காய்ச்சலில் கிடந்துகொண்டும் அவர் என் மானத்தை நினைத்திருக்கிறார். அவரை அவமானப்படுத்தியவனின் மானத்தை! அனில்குமார், நீங்களும் பிரிக்கவில்லை. நான் அந்தக் கவரை அடுப்பில் போட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அன்று முழுவதும் அதைத்தான் யோசித்தேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. தூ, நானும் ஒரு மனுஷன் என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

நோட்டீசில் படத்தை நான் திறந்துவைப்பதாக அச்சடித்திருக்கிறார்கள். நான் தொடமாட்டேன். அனில்குமாரும் ஹரிதாவும் திறந்துவைக்கட்டும்.

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன்? மனப்பாரம் இறங்கவேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. டீச்சர் கடைசியாக ஒரு வேலையைத் தொடங்கி வைத்திருந்தார். வீட்டில் பலகாரம் செய்கிறவர்கள் இருபது பேர் பதிவு செய்து ஒன்றாகச் சேர்ந்தால், அரசு உதவியோடு இங்கேயே ஒரு பொதுக்கூடம் கிடைக்கும். வறுக்கிற மெஷினும் பாக்கெட் ஒட்டுகிற மெஷினும் அதில் இருக்கும். இருபது பேரும் முறைவைத்துப் பயன்படுத்தலாம். மனு கொடுக்கக் கடைசி நாள் இந்த மாதம் முப்பது. பதினாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் ஆறு பேர் வேண்டும். அந்த ஆறு பேர் ஏன் கிடைக்கவில்லை? இந்த ஊரில் பலகாரம் செய்கிறவர்களுக்கா பஞ்சம்? நான் விதைத்த பயம் இன்னும் வீட்டுக்கு வீடு முளைத்து நிற்கிறது. டீச்சர் ஒவ்வொரு வீடாகப் போனார். "தலைவர் வேண்டாம்னு சொன்னாரே" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். அவர் அதற்குப் பதில் வைத்திருந்தார். எனக்குக் கொடுத்த வாக்குக்காக அதைச் சொல்லாமல் திரும்பி வந்தார்.

இரங்கல் கூட்டத்தில் அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். அந்த அம்மாவின் பணியைத் தொடரும் தகுதி எனக்கு இல்லை. டீச்சரிடம் மூன்று வருஷம் வேலை பழகிய பிரிஜா, திங்கட்கிழமை காலையிலிருந்து அதே கடையில் இருந்து எழுதித் தருவாள். வாடகை சங்கத்தின் பொறுப்பு. முப்பதாம் தேதி முடிந்ததும் என் ராஜினாமா ஜான்ரோஸ் கையில் இருக்கும். அதற்கு முன்னால் எனக்கென்று ஒரு வேலை மிச்சமிருக்கிறது. முப்பத்தொரு வீட்டுக்கும் நான் நடந்து போகப்போகிறேன். காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு நின்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

என் பேச்சை நம்பி ஒருமுறை கெட்டீர்கள். இந்த முறை என்னை நம்பவேண்டாம். கவரில் இருந்ததையெல்லாம் வெளியே நோட்டீஸ் பலகையில் நானே ஒட்டியிருக்கிறேன். என் பெயர், தேதி, பதிவு நம்பர் எல்லாம் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மௌன அஞ்சலியை ஜான்ரோஸ் அறிவிப்பான். எனக்காக அந்த அம்மா இரண்டு வருஷம் வாய் மூடி இருந்தார். இன்னும் ஒரு நிமிடம் எல்லோரும் மௌனமாக இருங்கள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

முதலில் எந்த வீட்டுக்குப் போவது என்று நேற்று முழுவதும் யோசித்தேன். நடக்கவேண்டிய அவசியம் இல்லாமல் நீ இங்கேயே இருக்கிறாய். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் மாற்றிச் சொல்லவேண்டும். தாணம்மா, அன்றைக்கு நான் சொன்னது பொய்.