பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள்

வருகைப் பதிவேட்டைக் காலை எட்டு மணிக்குள் எழுதி முடித்துவிடுவது என் வழக்கம். என் பதிவேட்டில், அதாவது மருதாசலம் காண்ட்ராக்டரின் பதிவேட்டில், அடித்தல் திருத்தல் இருக்காது என்று இன்ஜினீயரே சொல்லியிருக்கிறார், ஐயா.

செம்மேடு போகும் சாலையில் தடுப்புச் சுவர் வேலை. பன்னிரண்டு ஆட்கள், எல்லோரும் மலைக்காரர்கள். ஒருவருக்கு முடியாவிட்டால் அவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வந்து அந்த நாளை ஈடுகட்டுவார். நான் பெயரை மாற்ற மாட்டேன். அன்று அர்த்தனாரிக்குக் காய்ச்சல். அவர் மனைவி கண்ணாயி வந்தாள். அர்த்தனாரி பெயருக்கு நேரே டிக் போட்டேன்.

அஸ்திவாரக் குழியை எங்கள் தொழிலில் வானம் என்போம். பத்தடி வானம். மண் சரியாமல் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நான் கொடுக்கவில்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது, மட்டக் கயிற்றை அவிழ்த்து வரச் சொல்லிக் கண்ணாயியை உள்ளே இறக்கினேன். மண் சரிந்தது. பார்த்தது நான் மட்டும்.

பதிவேட்டில் இல்லாத பெண் இறந்தால் காப்பீடு கிடையாது. லைசென்ஸ் போகும், வழக்கு வரும். இதையெல்லாம் யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். போர்வையைச் சுற்றிக்கொண்டு அர்த்தனாரியும் வந்துவிட்டார்.

"ஏனுங்க, கண்ணாயி எங்கீங்க?"

"ஆணி வாங்கச் செம்மேட்டுக்கு அனுப்பியிருக்கேன் சாமி. பஸ்ஸுல வந்துருவா."

"அவளையா? கடைக்காரன் துருப்புடிச்ச ஆணியா பாத்துத் தள்ளி உட்ருவானுங்க" என்று சிரித்தார்.

யாரோ போன் செய்து தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று அதிகாரி கேட்டார். நான் பதிவேட்டைப் பிரித்துப் பெயர்களை வாசித்தேன். ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். தன் பெயர் வந்ததும் அர்த்தனாரி, பழக்கத்தில், "இருக்கேனுங்க" என்றார். பன்னிரண்டும் சரியாக வந்தது. குழி தோண்ட வந்திருந்த பொக்லைனின் இன்ஜினை மட்டும் அணைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த இரைச்சலில் வேறெதுவும் கேட்காது.

மண் இன்னும் சரியலாம், யாரும் கிட்டே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். நான் அப்படியே கீழ்ப்படிந்தேன்.

அர்த்தனாரி பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சலுக்கு மாத்திரையும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். நான்காவது பஸ்ஸும் வந்து போனது. அவர் எழுந்தார். நேரே போய்க் கைகளால் மண்ணைப் பறிக்கத் தொடங்கினார். மற்றவர்களும் மண்வெட்டியோடு போனார்கள். நான் போகவில்லை.

கண்ணாயியின் முகத்துக்கு மேல் ஒரு கல் குறுக்கே விழுந்து காற்றுக்கு இடம் விட்டிருந்ததாம். ஒரு மணி நேரமாவது உயிரோடு இருந்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் நான் பெயர்களை வாசித்தேன். எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கொன்றது நான்தான். ஆனால் அன்று நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான், அவள் பஸ்ஸில் வந்துவிடுவாள் என்பது. அதையும் காய்ச்சலோடு வந்த மனிதர் பதறிவிடக் கூடாதே என்றுதான் சொன்னேன்.